ஏற்காட்டில் காவலர் குடும்பங்களுக்கான தற்கொலைத் தடுப்புப் பயிலரங்கு: ஒரு மதிப்புரை

ஏற்காட்டில் காபித் தோட்டத்தை ஒட்டிய பழைய பங்களா ஒன்றில், காவலர்களுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் தற்கொலைத் தடுப்பு குறித்த இரண்டு நாள் பயிலரங்கைச் சிறிய அறக்கட்டளை ஒன்று நடத்தி வருகிறது. சேலத்தில் தலைமைக் காவலராகப் பணிபுரியும் என் கணவரும் நானும் அண்மையில் அதில் கலந்துகொண்டோம். வாய்ப்புக் கிடைக்கும் காவலர் குடும்பம் எதுவானாலும் தயங்காமல் போகலாம் என்பதே என் முடிவு. ஆனால் மனம் உடைந்திருக்கும் ஒரு காவலர் நம்பிக்கையோடு அந்த வாசலுக்குள் நுழைய வேண்டுமானால், தன் பெயர் யார் கைக்குப் போய்ச் சேரும் என்ற கேள்விக்கு அவருக்குத் தெளிவான பதில் வேண்டும். அந்தப் பதிலை இந்தப் பயிலரங்கு இன்னும் தரவில்லை. அறக்கட்டளையின் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கும் அதுவே காரணம். சேலத்தில் காவல்துறை வட்டம் சிறியது. இடத்தின் பெயரைச் சொன்னால் எந்த வாரம் யார் யார் மலையேறினார்கள் என்று கண்டுபிடிக்க அரை நாள் போதும். தேவைப்படுவோர் காவலர் குடியிருப்புகளில் விசாரித்தால் வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் போனதற்குக் காரணம் உண்டு. என் கணவருடன் ஒரே பேட்சில் பயிற்சி முடித்த நண்பர் ஒருவரைச் சென்ற ஆண்டு இழந்தோம். துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்றிரவே என் கணவருக்கு நைட் ரவுண்ட்ஸ் போட்டிருந்தார்கள். மறுநாள் ரோல்காலில் மௌனமாக நின்றார்கள். பிறகு பணி பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதன்பின் அந்த நண்பரின் பெயரை யாரும் எடுக்கவில்லை. தற்கொலையால் ஒருவரை இழந்தவர்களுக்கு, அவர்கள் குடும்பத்தாராக இருந்தாலும் உடன் பணியாற்றியவர்களாக இருந்தாலும், அதே ஆபத்து கூடுகிறது என்பது மனநல மருத்துவம் நன்கறிந்த உண்மை. ஆனால் எங்கள் குடியிருப்பில் அப்படி யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. 2023 ஜூலையில் கோவை சரக டி.ஐ.ஜி. சி. விஜயகுமார் தற்கொலையால் மறைந்தபோது, அவர் மன அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்று வந்ததைக் காவல்துறை உயரதிகாரிகளே வெளிப்படையாகச் சொன்னார்கள். அந்த வாரம் முழுவதும் எங்கள் குடியிருப்பில் பெண்களுக்குள் இதே பேச்சுத்தான். பதவி உயர்ந்தால் மனச்சுமை குறையும் என்று நம்பிக்கொண்டிருந்த எங்களை அந்தச் செய்தி உலுக்கிவிட்டது.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போனால், சேலத்து வெயிலில் காய்ந்தவர்களுக்கு மேலே வீசும் குளிர்காற்றே பாதி மருந்து. அறைகள் சுத்தம், வெந்நீர் உண்டு, கைப்பேசி சிக்னல் மட்டும் வந்து வந்து போகும்.

பயிற்சியை இருவர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் மருத்துவ உளவியலாளர். மற்றவர் பணி ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர். இந்தச் சேர்க்கைதான் பயிலரங்கின் பெரிய பலம். உளவியலாளர் மட்டும் பேசியிருந்தால் வந்திருந்தவர்களில் பாதிப்பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பாரா நின்றவர், சார்ஜ் மெமோ வாங்கியவர், அடையாளம் தெரியாத சடலத்தோடு பிணவறை வாசலில் இரவைக் கழித்தவர் எழுந்து பேசும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். விசாரணை நிலுவையில் இருக்கும் 3(ஆ) குற்றக்குறிப்பாணை, அதாவது துறை ஒழுங்கு நடவடிக்கைக்கான சார்ஜ் மெமோ, ஒரு மனிதனின் தூக்கத்தை எத்தனை மாதம் தின்னும் என்பதை அவர் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த ஒரு காவலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன்.

முதல் நாள் காலை அமர்வு ஆபத்துக் காரணிகளைப் பற்றியது. தூக்கமின்மை, குடி, கடன், ஆன்லைன் சூதாட்டம், குடும்பத்தில் விரிசல், துறை விசாரணை, திடீர் இடமாற்றம், குழந்தைகளின் சாவைப் பக்கத்திலிருந்து பார்த்த வழக்குகள் என்று விரித்துச் சொன்னார்கள். இவற்றில் எதுவும் தனியாக நின்று ஒருவரைச் சாய்ப்பதில்லை, பல சேர்ந்து நெருக்கும்போதுதான் ஆபத்து என்று உளவியலாளர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது சரியான அணுகுமுறை. 'அதிகாரி திட்டினார், அதனால் போய்விட்டார்' என்று ஒற்றைக் காரணம் சொல்லிக் கதையை முடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது உண்மையையும் மறைக்கிறது, தடுத்திருக்கக்கூடிய இடங்களையும் மறைக்கிறது. பணிநேரத்தைப் பற்றியும் பேசினார்கள். காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் பணியாற்றுகிறார்கள். இருவரில் ஒருவருக்கு வார விடுப்பே கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வார விடுப்பு வழங்க 2021 நவம்பரில் அரசாணை வந்தது. அது வந்த பிறகு எங்கள் வீட்டிலேயே வித்தியாசம் தெரிந்தது. என் மகனின் பள்ளி விழாவுக்கு அவன் அப்பா முதன்முறையாக வந்ததும் அப்படி ஒரு நாளில்தான். பந்தோபஸ்து வந்துவிட்டால் அந்த விடுப்பும் பறிபோகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏற்காடு கோடை விழா, ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, விநாயகர் சதுர்த்தி, தேர்தல் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கிறது.

பிற்பகல் அமர்வுக்காகவே இந்தப் பயிலரங்கைப் பரிந்துரைக்கிறேன். ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பது எப்படி என்பதை அன்று கற்றுக்கொடுத்தார்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் அங்கிருந்த எல்லோருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. அப்படி நேர்வதில்லை, கேட்பதால் பெரும்பாலும் மனப்பாரம் குறையவே செய்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், இருவர் இருவராகப் பிரித்து எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டுப் பழகச் செய்தார்கள். முதல் சுற்றில் யாருக்கும் வாய் வரவில்லை. 'ஒண்ணும் தப்பா எதுவும் நினைக்கலையே?' என்று சுற்றி வளைத்தார்கள். அந்தக் கேள்வியிலேயே 'இல்லை' என்ற பதில் ஒளிந்திருக்கிறது என்று உளவியலாளர் சுட்டிக்காட்டினார். கேட்பவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பது துயரத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். அவர் அதையே தந்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

காவல்துறையில் இதற்கு இன்னொரு முடிச்சும் உண்டு. கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்கும் வழக்கமே அங்கே கிடையாது. உதவி ஆய்வாளர் மனம் நொந்திருக்கிறார் என்று நிலையத்தில் அத்தனை பேருக்கும் தெரிந்தாலும் யார் போய்க் கேட்பது? ஓய்வு பெற்ற ஆய்வாளர் தானே நாற்காலியில் அமர்ந்து, இளம் காவலர் ஒருவரை எதிரே நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார். அந்தப் பையன் விறைப்பாக நின்றுகொண்டு, 'ஐயா, நாலஞ்சு நாளா நீங்க சரியா சாப்பிடறதில்லீங்க, யார்கிட்டயும் பேசறதில்லீங்க. உயிரை விட்டுடலாம்னு ஏதும் தோணுதுங்களா ஐயா?' என்று கேட்டான். கூடம் நிசப்தமானது. ஆய்வாளர் சற்று நேரம் கழித்து, 'தோணுதுப்பா, உட்காரு' என்றார். அது பயிற்சிக்காகச் சொன்னதுதான் என்று தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. மரியாதைக் குறைவு இல்லாமல், 'ஐயா' என்ற விளியையும் விடாமல், இவ்வளவு பெரிய கேள்வியைக் கேட்க முடியும் என்று அத்தனை பேரும் கண்ணெதிரே பார்த்தார்கள். எந்தப் புத்தகமும் கையேடும் இதைக் கற்றுத் தந்திருக்காது. இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்கி, வந்திருந்த எல்லோரையும் ஒருமுறையேனும் மேலதிகாரியிடம் கேட்கவைத்திருக்கலாம்.

மனைவிமார்களுக்கும் வந்திருந்த இரண்டு பெற்றோருக்கும் தனி அமர்வு நடந்தது. பெண் காவலர் ஒருவரின் கணவரும் எங்களோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சங்கடம் இல்லாதபடி பேச்சைக் கொண்டுபோனார்கள். எச்சரிக்கை அறிகுறிகளாக அவர்கள் சொன்னவற்றில் பல எங்கள் வீடுகளில் 'டியூட்டி டென்ஷன்' என்று ஒதுக்கிவிடுபவை: தூக்கம் கெடுவது, குடி திடீரெனக் கூடுவது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, குழந்தைகளிடமிருந்து விலகிப் போவது. இன்னும் சில, காரணம் தெரிந்தால் மட்டுமே கண்ணில் படுபவை: எல்.ஐ.சி. பத்திரத்தையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துவைத்து விளக்கம் சொல்வது, நெடுநாள் கைமாற்றை அவசரமாகத் திருப்பிக் கொடுப்பது, 'நான் இல்லைன்னா நீங்க எல்லாரும் நல்லா இருப்பீங்க' என்பது, பல வாரத் தவிப்புக்குப் பின் காரணமில்லாமல் திடீரென அமைதியாகிவிடுவது.

அப்படி ஓர் அறிகுறி தெரிந்தால் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்ற பகுதி மிகவும் பயன்பட்டது. 'உங்களை நம்பித்தானே நாங்க இருக்கோம்' என்று நாம் அழுவது இயல்பு. ஏற்கெனவே தன்னைச் சுமையாக நினைத்துக்கொண்டிருப்பவர் தோளில் அந்த அழுகை இன்னொரு சுமையாக ஏறும் என்று அங்கே விளக்கினார்கள். அதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து, 'எப்போதிலிருந்து இப்படி இருக்கு?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ஆபத்து நெருங்கியிருப்பதாகத் தோன்றினால் தனியே விடக்கூடாது. மருத்துவரிடம் 'போய்ப் பாருங்கள்' என்று சொல்லாமல் கூடவே அழைத்துப் போக வேண்டும். நாமக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்கா, 'இதைப் போன வருசம் யாராச்சும் சொல்லியிருந்தா...' என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. உளவியலாளர் அவரை அவசரப்படுத்தாமல் காத்திருந்து, பிறகு தனியே அழைத்துப் போய்ப் பேசினார். நடத்துபவர்கள் தரமானவர்கள் என்று சொல்ல எனக்கு அந்த ஒன்றே போதும்.

இரண்டாம் நாள் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை தந்தார்கள். மூன்றாக மடித்தால் அடையாள அட்டை உறைக்குள் அதன் பின்னே ஒளிந்துகொள்ளும் அளவு. 'பாதுகாப்புத் திட்டம்' என்று உலகெங்கும் மனநலப் பணியாளர்கள் பயன்படுத்தும் முறைதான் அது. அதைக் காவலருக்கு ஏற்றபடி தமிழில் செய்திருக்கிறார்கள். எனக்கு நிலைமை மோசமாகிறது என்பதை நானே கண்டுகொள்ளும் அறிகுறிகள், யாரையும் தேடாமல் நானே செய்யக்கூடியவை, மனத்தைத் திருப்பப் போகக்கூடிய இடங்களும் பார்க்கக்கூடிய மனிதர்களும், உதவி என்று வாய்விட்டுக் கேட்கக்கூடியவர்கள், மருத்துவர் மற்றும் உதவி எண்கள், என்னைச் சுற்றியுள்ள இடத்தைப் பாதுகாப்பாக்க நான் செய்ய வேண்டியது என ஆறு பகுதிகள். அவரவர் கையெழுத்தில் நிரப்ப வேண்டும். மாதிரி அட்டை ஒன்றில் 'அறிகுறி' என்ற இடத்தில், 'பெல்ட்டைக் கழற்றாமலே கட்டிலில் விழுவேன்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்ததும் கூடத்தில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவரும் நிரப்பினார். அதில் இருப்பதை நான் எழுதப்போவதில்லை. நான்காவது பகுதியில் என் பெயர் இருக்கிறது என்பது எனக்குப் போதும்.

ஆறாவது பகுதியைப் பற்றிய விவாதம் ஆயுதப் பணியின் பக்கம் திரும்பியது. நெருக்கடியான வேளையில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடியவை கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கும், ஏனென்றால் அந்த உச்சம் பெரும்பாலும் சற்று நேரத்தில் தணிந்துவிடும் என்பது உலகம் முழுவதும் உறுதிசெய்யப்பட்ட பாடம். ஆனால் காவலரிடமிருந்து ஆயுதப் பொறுப்பை எடுப்பது, நம் வழக்கப்படி, அவர் மீது முத்திரை குத்துவதாக முடிந்துவிடுகிறது. ஓய்வு பெற்ற ஆய்வாளர் தன் அனுபவத்திலிருந்து ஒரு வழி சொன்னார்: மனம் சரியில்லாதவரைக் காரணம் எதுவும் எழுதாமல் சில வாரம் வயர்லெஸ்ஸுக்கோ அலுவலகப் பணிக்கோ மாற்றிவிட்டு, அதே வாரம் வேறு இருவரையும் சேர்த்து மாற்றினால், யாருக்காக மாற்றினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. டியூட்டி போடும் நிலைய எழுத்தர் நினைத்தால் இன்றே செய்யக்கூடிய காரியம் இது. ஆணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

இனி குறைக்கு வருகிறேன். பங்களா வாசலில் நுழைந்ததும் மேசை மீது நீண்ட பதிவேடு ஒன்றை விரித்துவைத்திருந்தார்கள். பெயர், பதவி, காவலர் எண், பணிபுரியும் நிலையம், கைப்பேசி எண், கையொப்பம் என்று கட்டங்கள். எங்களுக்கு முன்னே வந்தவர்கள் அனைவரின் விவரமும் அந்தப் பக்கத்தில் கண்ணுக்கு நேரே கிடந்தது. எங்களுக்குப் பின்னே வந்தவர்கள் எங்களுடையதைப் படித்திருப்பார்கள். முந்தைய பயிலரங்குகளுக்கு வந்தவர்களின் பக்கங்களைப் புரட்டவும் தடையில்லை. எதற்கு இத்தனை விவரம் என்று கேட்டேன். இந்த இரண்டு நாளையும் பணி நாளாகக் கருதும் துறை ஆணையின்படி வருபவர்களின் பட்டியலை அவரவர் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது என்றார்கள். அப்படி வருபவர்களுக்கு அது தவிர்க்க முடியாதது என்றே வைத்துக்கொள்வோம். என் கணவர் தன் சொந்த விடுப்பில் வந்தவர். அவரிடமும் அதே கட்டங்களை நிரப்பச் சொன்னார்கள். மாலையில் எல்லோரையும் படிக்கட்டில் நிறுத்திக் குழுப்படம் வேறு எடுத்தார்கள். விருப்பமில்லாதவர்கள் விலகி நிற்கலாம் என்று சொன்னார்கள்தான், ஆனால் விலகி நிற்பவர் யார் என்பதையே எல்லோரும் கவனிக்கும் இடம் அல்லவா அது?

இதை அலுவலக நடைமுறை என்று விட்டுவிட முடியாது. மனநல உதவியை நாடினால் தன் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் பின்னுக்குப் போகுமோ, ஆயுதப் பணிக்குத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்களோ, 'அவன் ஒரு மாதிரி' என்ற பேச்சு அடுத்த நிலையம்வரை போகுமோ என்ற பயத்தில்தான் காவலர்கள் உதவி கேட்காமல் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் போக்கவே இப்படி ஓர் இடம் மலைமேல் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறும் எவருக்கும் தன் விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தெளிவாகத் தந்திருக்கிறது. பயிலரங்கு என்பது சிகிச்சை ஆகாது என்று வாதிடலாம். ஆனால் இரண்டாம் நாள் பிற்பகலில் தனி ஆலோசனை அறை திறக்கப்படுகிறது. அதற்கும் தனிப் பதிவேடு ஒன்று கதவுக்கு வெளியே ஸ்டூல் மீது கிடக்கிறது. ஆலோசனைக்குள் பேசப்படுவது வெளியே போகாது என்று உளவியலாளர் உறுதி சொன்னார், அதை நான் முழுவதும் நம்புகிறேன். உள்ளே போனவர் யார் என்பதைத்தான் வெளியே இருக்கும் பதிவேடு சொல்லிவிடுகிறது. எங்களோடு பேருந்தில் வந்த ஒரு காவலர் அந்த ஸ்டூல்வரை போய், பதிவேட்டைப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் நடக்கப் போய்விட்டார். அவருக்கு அந்த அறை தேவைப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. தேவைப்பட்டிருந்தால், அங்கே போனதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை.

வேறு விதமாகச் செய்ய முடியும் என்பதற்குக் கனடாவின் மாண்ட்ரியல் நகரக் காவல்துறை சாட்சி. அங்கே 1997இல் தொடங்கிய தடுப்புத் திட்டத்தில் எல்லாக் காவலர்களுக்கும் அரைநாள் பயிற்சி, மேற்பார்வையாளர்களுக்கும் சங்கப் பிரதிநிதிகளுக்கும் ஒரு முழுநாள் பயிற்சி, பயிற்சி பெற்ற காவலர்களே எடுத்துப் பேசும் தனித் தொலைபேசிச் சேவை ஆகியவை இருந்தன. முந்தைய 11 ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் காவலருக்கு 30.5 ஆக இருந்த தற்கொலை விகிதம், திட்டம் வந்த பின் 12 ஆண்டுகளில் 6.4 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் கியூபெக் மாகாணத்தின் மற்றக் காவல் பிரிவுகளில் அப்படி ஒரு சரிவு இல்லை. பெயர் காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்தக் காவலரும் அந்தத் தொலைபேசியை எடுத்திருக்க மாட்டார். ஏற்காட்டில் இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. சொந்த விடுப்பில் வருபவர்களுக்குப் பெயருக்குப் பதில் எண்ணிட்ட சீட்டு ஒன்றைக் கொடுக்கலாம். பணியாணையில் வருபவர்களின் பட்டியலைத் தனித்தாளில் எழுதி, அனுப்பிய பின் தங்களிடம் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடலாம். ஆலோசனை அறையின் பதிவேட்டை அன்றே எடுத்துவிடலாம். இவற்றை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். ஆய்வாளர் கவனமாக வாங்கிப் படித்தார்.

அடுத்த குறை, தொடர்பு அறுந்துபோவது. பயிலரங்கு முடிந்த வாரத்தில் ஒருமுறை அழைத்து நலம் விசாரித்தார்கள். அதன்பின் அழைப்பு வரவில்லை. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்தவர்களிடம் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்திய ஆய்வில் நம் சென்னையும் ஓர் இடம். வழக்கமான சிகிச்சையோடு சுருக்கமான ஆலோசனை தந்து, 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டு விசாரித்தார்கள், அவ்வளவுதான். அப்படி விசாரிக்கப்பட்டவர்களில் தற்கொலையால் இறந்தோர் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம். 2008இல் வெளியான இந்த முடிவைச் சொன்னது வேறு யாரும் அல்ல, பயிலரங்கின் உளவியலாளர்தான். இதை அறிந்தவர்களே அந்த அழைப்புகளைத் தொடராமல் இருப்பதுதான் வருத்தம் தருகிறது. ஆள் பற்றாக்குறை என்பது புரிகிறது. கலந்துகொண்ட காவலர் மனைவிகளில் நான்கு பேரைப் பழக்கினால் அந்தப் பணியை நாங்களே செய்வோம். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

பயிலரங்கைச் சனி, ஞாயிறில் வைக்கும் நாள் தேர்வும் காவலருக்குப் பொருந்தவில்லை. சனி, ஞாயிறு என்பது அலுவலகத்தில் வேலை செய்பவர்களின் ஓய்வு. காவலரின் வார விடுப்பு சுழற்சியில் வருவது. திருவிழாவும் தலைவர்கள் வருகையும் பொதுக்கூட்டமும் வார இறுதியில்தான் குவிகின்றன. ஏற்காட்டுச் சாலையிலேயே சனிக்கிழமை போக்குவரத்துக் காவலருக்கு நிற்க நேரமிருக்காது. செவ்வாய், புதன் என்று மாதம் ஒருமுறையாவது வைத்தால் சேலம் குமாரசாமிப்பட்டி ஆயுதப்படையிலிருந்து வரும் இளைஞர்கள் எண்ணிக்கை கூடும் என்பது என் கணவரின் கருத்து.

காவல்துறையே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் வழிகாட்டுதலோடு நடத்திய நிறைவாழ்வுப் பயிற்சியில் என் கணவர் முன்பே கலந்துகொண்டிருக்கிறார். மன அழுத்தம் என்றால் என்ன, அதை எப்படிக் கையாள்வது என்பதற்கு அது நல்ல அடித்தளம் என்கிறார். ஏற்காட்டுப் பயிலரங்கு அதற்கு மாற்று அல்ல. தற்கொலை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சொல்லைத் தவிர்க்காமல் வெளிப்படையாகப் பேசுவதில் அது ஒரு படி மேலே போகிறது.

இரண்டு நாளுக்கும் தங்கும் இடம், உணவு எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார்கள், முடியாதவர்களிடம் வற்புறுத்துவதில்லை. சாப்பாடு வீட்டுச் சாப்பாடு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தனி அறையும் ஆளும் உண்டு, ஆகவே பிள்ளைகளை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிலரங்கு வரை காத்திருக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன். 14416 என்ற எண்ணில் 'நட்புடன் உங்களோடு' மனநலச் சேவையையும், 104 என்ற எண்ணில் அரசின் மருத்துவ ஆலோசனையையும் எந்த நேரத்திலும் அழைக்கலாம், இரண்டும் இலவசம். சென்னையில் 1986இலிருந்து இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. நேரில் பார்க்க விரும்புவோருக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவமனை என்றால் வாசலில் புறக்காவல் நிலையம் இருக்குமே, பழகியவர்கள் பார்த்துவிடுவார்களே என்று தயங்கும் காவலர்கள் முதலில் தொலைபேசியில் பேசிவிட்டு, அங்கே சொல்லும் வழியில் மேற்கொண்டு போகலாம். சீருடையில் போக வேண்டியதில்லை. பேசும்போது காவலர் எண்ணையோ நிலையத்தின் பெயரையோ சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவருக்குப் பதிலாக மனைவியோ, தாயோ, உடன் பணியாற்றுபவரோ அழைத்து என்ன செய்வது என்று கேட்கவும் செய்யலாம். அப்படிக் கேட்பவர்களுக்கும் அவர்கள் பொறுமையாக வழி சொல்கிறார்கள்.